செவிலியர் படிப்புக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில், செவிலியர் படிப்பில் சேரும் மாணவிகளுக்காக நம் ஊரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மூத்த செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை. வாசகர்களின் நலன் கருதி எழுத்து வடிவில் தருகிறோம்.)



அறக்கட்டளையின் பெரியவர்களே, பெற்றோர்களே, எல்லாவற்றுக்கும் மேலாக முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகளே,

என்னை ‘செவிலியர் பணியின் சிறப்பு’ என்று பேசச் சொன்னார்கள். சிறப்பைப் பற்றிப் பேச மேடைகள் நிறைய இருக்கின்றன. இந்தப் பிள்ளைகள் இன்னும் சில வாரங்களில் வார்டுக்குள் நிற்கப் போகிறார்கள். அங்கே அவர்களுக்கு முதலில் தட்டுப்படப் போவது ஊசியும் இல்லை, ரத்தமும் இல்லை, மனிதர்கள். பயந்த மனிதர்கள், கோபக்கார மனிதர்கள், வாயே திறக்காத மனிதர்கள். அவர்களோடு எப்படிப் பழகுவது, அதற்கு முன் நம்மை நாமே எப்படித் தெரிந்துகொள்வது என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நான் தவறு செய்து கற்றுக்கொண்ட பாடம் என்பதால் தைரியமாகச் சொல்ல முடியும்.

ஒரு பாட்டியிடம் நான் சொன்ன வார்த்தை

அப்போது நான் இரண்டாம் ஆண்டு மாணவி. பெண்கள் வார்டில் போட்டிருந்தார்கள். காலம் முழுக்க நடவு நட்டும் களை பறித்தும் வாழ்ந்த ஒரு பாட்டி அங்கே சேர்ந்திருந்தார். சர்க்கரை நோய். காலில் பட்ட சின்னக் காயம் ஆறாமல், இரண்டு விரல் கறுத்துப்போயிருந்தது. தினமும் புண்ணுக்கு மருந்து கட்டுவது என் வேலை.

ஒரு நாள் கட்டை அவிழ்க்கும்போது கேட்டார்: “பாப்பா, விரலை எடுத்துருவாங்களா?”

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அதெல்லாம் ஒண்ணும் ஆகாது பாட்டி. பயப்படாதீங்க” என்றேன். கட்டி முடித்து அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். நல்ல வார்த்தை சொன்ன திருப்தி வேறு எனக்கு.

இரண்டு நாள் கழித்து அந்த இரண்டு விரல்களையும் எடுத்தார்கள். சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை, எடுத்திருக்காவிட்டால் காலே போயிருக்கும். ஆனால் மறுநாள் நான் போனபோது பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “விரல் போனதுக்கு நான் அழலை. என் மவன் திருப்பூர்ல பனியன் கம்பெனில இருக்கான். எடுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சிருந்தா அவனை ஒரு பார்வை பார்த்துட்டு உள்ளே போயிருப்பேன். நீதான் ஒண்ணும் ஆகாதுன்னுட்டியே.”

அவர் கேட்டது விரலைப் பற்றி மட்டும் இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு மகன் இருந்தான், ஒரு பயம் இருந்தது, ஒரு வேண்டுகோள் இருந்தது. என் ‘பயப்படாதீங்க’ அத்தனையையும் வாசலிலேயே நிறுத்திவிட்டது.

வார்டு சிஸ்டரிடம் அழுதுகொண்டே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அந்த வார்த்தையை யாருக்காகச் சொன்னே? அவங்களுக்கா, உனக்கா?”

அன்று இரவு விடுதியில் படுத்து யோசித்தேன். என் நன்னியும் சர்க்கரையில்தான் மவுத்தானார்கள். அந்தப் பாட்டியின் பாதத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நன்னியின் பாதம் ஞாபகம் வந்துகொண்டிருந்தது. அந்தப் பேச்சு தொடர்ந்தால் நான் அழுதுவிடுவேன் என்ற பயம். என் பயத்தை மூடிக்கொள்ளத்தான் அவரைப் பயப்படாதீர்கள் என்றேன். இது எனக்குத் தெரிந்திருந்தால் பாட்டிக்கு ஒரு மகனின் முகம் கிடைத்திருக்கும். பிள்ளைகளே, ‘தன்னை அறிதல்’ என்று உங்கள் பாடப் புத்தகத்தில் வரப்போவது இதுதான்.

பாடப் புத்தகத்தில் இது எப்படி வந்தது?

ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற பெயரை மனநலச் செவிலியப் பாடத்தில் படிப்பீர்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1909-ல் பிறந்த செவிலியர். செவிலியப் பணியின் உயிர்நாடியே செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையே உண்டாகும் உறவுதான் என்று ஒரு புத்தகம் எழுதினார். 1948-லேயே எழுதி முடித்துவிட்டார். ஒரு செவிலியர் தனியாக இப்படிப் புத்தகம் போடுவதா, கூட ஒரு டாக்டர் பெயர் வேண்டாமா என்று தயங்கினார்கள். 1952-ல்தான் அது வெளிவந்தது.

அவர் சொன்னதில் இரண்டு விஷயங்களை மட்டும் இன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று, செவிலியரும் நோயாளியும் முதலில் அந்நியர்கள். அந்த அந்நியரை மரியாதையோடு வரவேற்பதில் எல்லாம் தொடங்குகிறது. போகப்போக நோயாளி நமக்கு வேறு வேறு இடம் கொடுப்பார். சில நேரம் விவரம் சொல்பவர், சில நேரம் கற்றுக்கொடுப்பவர், சில நேரம் அவர் வீட்டு மனுஷி. “என் மக மாதிரி இருக்கே” என்று உங்கள் கையைப் பிடித்துக்கொள்வார். அந்த இடத்தை மதிக்க வேண்டும். ஆனால் நாம் உண்மையிலேயே மகளாகிவிட்டால் வேலை கெடும். எனக்கு அந்தப் பாட்டி நன்னியாகிவிட்டார், அதனால்தான் அவர் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நாம் யாரை நினைத்துக்கொண்டு இவரைப் பார்க்கிறோம் என்று நமக்குத் தெரிய வேண்டும்.

இரண்டு, பதற்றம் ஒட்டிக்கொள்ளும். நம் பதற்றம் நோயாளிக்குப் போகும், அவருடையது நமக்கு வரும். ஆகவே கட்டிலுக்குப் போவதற்கு முன், நான் இப்போது எப்படி இருக்கிறேன் என்று ஒரு நொடி கேட்டுக்கொள்ளுங்கள். கை கழுவுகிற நேரம் போதும். கையைச் சுத்தம் செய்துகொள்வது போல மனசையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

நமக்குத் தெரியாத நம் முகம்

1955-ல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்காம் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு படம் வரைந்தார்கள். இருவர் பெயரையும் சேர்த்து அதற்கு ஜோஹாரி ஜன்னல் என்று பெயர். நாலு கதவுள்ள ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கதவில் இருப்பது எனக்கும் தெரியும், பிறருக்கும் தெரியும். இன்னொன்றில் இருப்பது எனக்கு மட்டும் தெரியும், நான் மறைத்து வைத்திருப்பது. மற்றொன்று யாருக்கும் தெரியாதது. மீதியுள்ள ஒரு கதவுதான் ஆபத்தானது. அதில் இருப்பது பிறர் கண்ணுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

என்னுடைய அந்தக் கதவை ஒரு நோயாளிதான் திறந்து காட்டினார். குடித்துக் குடித்துக் கல்லீரல் கெட்டு வந்த மனிதர். நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. நேரத்துக்கு மருந்து, நேரத்துக்கு டிரிப், எல்லாம் சரியாக எழுதி வைத்தேன். ஒரு நாள் அவர் சொன்னார்: “உங்கிட்ட ஒரு வாய் தண்ணி கேக்கக்கூட பயமா இருக்கும்மா.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் ஒரு கடுஞ்சொல்லும் சொன்னதில்லையே! பிறகுதான் புரிந்தது. மற்றவர்களுக்கு மாத்திரை கொடுக்கும்போது முகம் பார்த்துக் கொடுத்தேன். அவருக்கு மட்டும் மேசையில் வைத்துவிட்டு வந்துகொண்டிருந்தேன். குடி ஹராம் என்று வளர்ந்த பிள்ளை நான். அந்த நம்பிக்கையில் எனக்கு இன்றும் மாற்றம் இல்லை. ஆனால் வார்டில் நான் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இல்லை, தண்ணீர் கொடுக்கும் இடத்தில் இருக்கிறேன். என் வெறுப்பு என் முகத்தில் எழுதியிருந்ததை நான் ஒருத்திதான் படிக்கவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும். சிலருக்கு அழுக்குத் துணி பிடிக்காது. சிலருக்குச் சத்தம் போடுகிற உறவினரைக் கண்டால் ஆகாது. சிலருக்கு வேறு சாதி, வேறு மார்க்கம். இல்லை என்று சொல்லாதீர்கள், தேடிப் பாருங்கள். தெரிந்துவிட்டால் அடக்கி வைக்கலாம். தெரியாமல் இருந்தால் அதுதான் உங்களை நடத்திக்கொண்டு போகும்.

இதற்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள. படுக்கப்போகும் முன் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுங்கள். இன்று என்ன நடந்தது? அப்போது எனக்குள் என்ன தோன்றியது? அடுத்த முறை என்ன செய்வேன்? ஐந்து வரி போதும். நோயாளியின் பெயர், கட்டில் எண் எதுவும் அதில் வரக்கூடாது. மாதம் ஒரு முறை, நீங்கள் நம்புகிற ஒரு தோழியிடமோ ஆசிரியையிடமோ, “நான் நோயாளிகளிடம் எப்படி நடந்துகொள்கிறேன்?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாதாடாதீர்கள்.

பேச்சும் ஒரு கைத்தொழில்தான்

“நான் கூச்ச சுபாவம், எனக்கு இந்தப் படிப்பு சரிவருமா?” என்று இங்கே ஒரு பிள்ளை காலையில் கேட்டது. சரிவரும் கண்ணு. வாயாடிகளைவிட அமைதியான பிள்ளைகள் நன்றாகக் கேட்கும். ஊசி போடக் கற்பது போலப் பேச்சையும் பழகிக் கற்கலாம்.

முதலில் சலாமோ வணக்கமோ சொல்லி, உங்கள் பெயரையும் மாணவி என்பதையும் சொல்லுங்கள். அவர் பெயரைக் கேளுங்கள். ‘ஆறாம் நம்பர் கட்டில்’ என்று ஒரு மனிதரை அழைக்காதீர்கள். ஒரு நிமிடம்தான் பேசப் போகிறீர்கள் என்றாலும், முடிந்தால் உட்கார்ந்து பேசுங்கள். தலைக்கு மேல் நின்று கேட்கப்படும் கேள்விக்கு யாரும் மனசைத் திறக்க மாட்டார்கள். “வலி இருக்கா?” என்றால் “இல்லை” என்று முடிந்துவிடும். “ராத்திரி எப்படிப் போச்சு?” என்று கேட்டால் ஏதாவது வரும். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அந்த அமைதிதான் நமக்குக் கஷ்டமாக இருக்கும், நாமே எதையாவது சொல்லி நிரப்பிவிடுவோம். நிரப்பாதீர்கள். அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, “நான் புரிஞ்சுக்கிட்டது சரியா?” என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால், “எனக்குத் தெரியலை, டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்” என்று சொல்லுங்கள். சொன்னால் திரும்பி வர வேண்டும். ‘கேட்டுட்டு வர்றேன்’ என்று போய் வராத செவிலியரை நோயாளி மறக்கவே மாட்டார்.

பாட்டி அனுபவத்துக்குப் பல வருடம் கழித்து, பிரசவ வார்டில் ஒரு தாய். ஊர் வேண்டாம், அடையாளம் வேண்டாம். கணவர் சபரில் இருந்தார். குழந்தை அழுகிறது, இவள் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள். என்னம்மா என்றால் “ஒண்ணுமில்லை சிஸ்டர்.” நான் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். ராத்திரி எப்படிப் போச்சு என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாக, “பிள்ளையைத் தூக்கவே பயமா இருக்கு சிஸ்டர். நான் நல்ல தாய் இல்லை” என்றாள். நான் ‘அப்படியெல்லாம் சொல்லாதே’ என்று சொல்லவில்லை. “எப்பலேருந்து இப்படி இருக்கு?” என்று கேட்டேன். அவள் சொன்னதை டாக்டரிடம் சொன்னேன். மனநல மருத்துவர் வந்து பார்த்தார். அல்ஹம்துலில்லாஹ், அவள் தேறினாள்.

பெற்றோர்களும் கவனியுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய். அதைத் திமிர் என்பார்கள், கண்ணேறு என்பார்கள். அது குணமாகக்கூடிய நோய். ஆனால் யாராவது கேட்டு, அவள் சொன்னால்தானே மருத்துவம் தொடங்கும்?

டாக்டரிடம் பேசுவது

நோயாளியிடம் பேசக் கற்ற பிள்ளைகளும் டாக்டர் முன்னால் நடுங்கிப்போவார்கள். நடுராத்திரி போன் செய்து, “சார், பேஷண்ட் சரியில்லை” என்று சொல்லிவிட்டு முழிப்பார்கள். அந்தப் பக்கம் கோபம் வரும், இந்தப் பக்கம் கண்ணீர் வரும், நடுவில் நோயாளி கிடப்பார்.

இதற்கு ‘எஸ்பார்’ என்று ஒரு முறை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையில் தோன்றி மருத்துவமனைகளுக்கு வந்தது. நாலு வாக்கியம்தான். இப்போது என்ன நடக்கிறது, இதற்கு முன் என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன வேண்டும். “சார், நாலாவது கட்டில் அம்மாவுக்கு மூச்சு வாங்குது, ஆக்ஸிஜன் அளவு 88. நேத்து ஆபரேஷன் ஆனவங்க, சாயங்காலம் வரைக்கும் நல்லா இருந்தாங்க. எனக்கு நிலைமை மோசமாகிறதா தோணுது. நீங்க உடனே வந்து பார்க்கணும்.” இப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை. பயத்தில் வாய் திறக்காமல் இருப்பதுதான் நோயாளிக்குச் செய்யும் குறை. மாணவியாக இருக்கும்போது இதை உங்கள் சிஸ்டரிடம் சொல்லிப் பழகுங்கள்.

பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை

பெண் பிள்ளையை இந்தப் படிப்புக்கு அனுப்பலாமா என்று தயங்கியவர்கள் இங்கே இருப்பீர்கள். என் அத்தாவும் தயங்கினார்கள்.

அகழ்ப்போரில் காயமடைந்த ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்களை எங்கே வைத்துப் பராமரித்தார்கள்? பள்ளிவாசலில் அமைந்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில். நபி (ஸல்) அவர்கள் பக்கத்திலேயே போய் நலம் விசாரிக்க வசதியாக இருக்கட்டும் என்று அங்கே வைக்கச் சொன்னார்கள். மருந்து கட்டுவதும் நலம் விசாரிப்பதும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. அந்தக் கூரை ஒரு பெண்ணுடையது.

நம் மாநிலத்திலேயே இன்னொரு சம்பவம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், திண்டிவனத்தில் மிஷனரி டாக்டராக இருந்தவரின் மகள் ஐடா ஸ்கடர். ஒரே இரவில் மூன்று பேர், பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவிகளுக்காக அவரைத் தேடி வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவரும் இந்து. ஐடா அப்போது மருத்துவம் படிக்கவில்லை. “என் தகப்பனார் வருவார்” என்றார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்க வைத்தது. 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். 1909-ல் செவிலியர் பயிற்சியையும் ஆரம்பித்தார். இன்று சி.எம்.சி. என்று நாம் ஓடுகிறோமே, அந்த மருத்துவமனைதான் அது.

அந்த மூவரில் ஒருத்தி நம் வீட்டுப் பெண். பெண்ணுக்குப் பெண் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற நாம், அந்தப் பெண்ணை வேறு யார் வீட்டிலிருந்தோ எதிர்பார்த்தால் எப்படி? திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகிற நம் பெண்கள், தங்கள் பேச்சும் பழக்கமும் தெரிந்த ஒரு செவிலியர் முகத்தைக் கண்டால் எவ்வளவு ஆறுதல் அடைகிறார்கள் என்பதைக் கேட்டுப் பாருங்கள்.

அனுப்பிவிட்ட பெற்றோர்களுக்கு மூன்று வேண்டுகோள்.

முதலாவது, “இன்னார் ஆஸ்பத்திரியில இருக்காங்களாமே, என்னவாம்?” என்று உங்கள் பிள்ளையிடம் கேட்காதீர்கள். நம் ஊரில் நாலு தெரு தாண்டினால் சொந்தம். ஒரு வீட்டின் ரகசியம் உங்கள் பிள்ளை வாயிலிருந்து வெளியே வந்தால், அந்த வீட்டுப் பெண் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டாள். அது அமானிதம். அவள் “சொல்லக்கூடாதும்மா” என்றால் கோபப்படாதீர்கள், பெருமைப்படுங்கள்.

இரண்டாவது, இரவுப் பணி முடிந்து வரும் பிள்ளையைத் தூங்க விடுங்கள். விருந்தாளி வந்திருக்கிறார்கள், சமையலுக்கு வா என்று எழுப்பாதீர்கள். தூக்கமில்லாத பிள்ளைக்குப் பொறுமை இருக்காது, அதன் விலையை ஒரு நோயாளி கொடுப்பார்.

மூன்றாவது, “என்ன படிச்சே?” என்று கேட்பதோடு, “இன்னிக்கு எப்படி இருந்துச்சு?” என்றும் கேளுங்கள். முதல் மரணத்தைப் பார்த்த அன்று அவள் சாப்பிட மாட்டாள். காரணம் சொல்லவும் தெரியாது. ‘இதெல்லாம் சகஜம்’ என்று சொல்லி மூடிவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். வீட்டில் தன்னைக் கேட்க ஆள் இருக்கிற பிள்ளைதான் வார்டில் பிறரைக் கேட்கும்.

பிள்ளைகளே, கடைசியாக அந்தப் பாட்டிக்கே வருகிறேன். வீட்டுக்குப் போகும் நாளில் நான் அவர் கட்டிலருகே உட்கார்ந்து, “பாட்டி, அன்னிக்கு உங்க கேள்விக்கு நான் சரியா பதில் சொல்லலை. எனக்குப் பயமா இருந்துச்சு. மன்னிச்சுக்கங்க” என்றேன். அவர் என் தலையில் கை வைத்தார். “உனக்குமா பயம்? அதை அன்னிக்கே சொல்லியிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து பயந்திருக்கலாமே” என்று சிரித்தார். பக்கத்தில் மகன் பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

நீங்களும் தவறு செய்வீர்கள். செய்த அன்றே அதை எழுதி வையுங்கள், முடிந்தால் அந்த மனிதர் வீட்டுக்குப் போவதற்குள் மன்னிப்புக் கேளுங்கள். உங்கள் கைகளில் ஷிஃபாவையும், உங்கள் நாவில் உண்மையையும், உங்கள் செவிகளில் பொறுமையையும் அல்லாஹ் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.